கரும்பொருளும் காமாக் கதிரும்

கரும்பொருள் துகள்கள் தம்முள் மோதி அழியுங்கால் காமாக் கதிர் பிறக்கலாம் என்பது அறிஞர் கருத்து. துகளை நேரே பிடியாது அக்கதிரைத் தேடுவதே மறைமுகத் தேடல். 2008-இல் ஏவப்பெற்ற ஃபெர்மி தொலைநோக்கியின் பதிவுகளில், பால்வழி மண்டலத்தின் நடுவே மிகையான காமாக் கதிர் இருப்பதை 2009-இல் லிசா குடினஃப், டான் ஹூப்பர் இருவரும் சுட்டினர். இதனையே கரும்பொருளுக்குச் சான்றெனக் கொள்வார் உளர். புகை கண்டு நெருப்புண்டு எனலாம். விறகு இன்னதெனப் புகை சொல்லுமோ? நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் துடிப்பு விண்மீன்களும் அத்தகைய கதிரையே உமிழும்.

விண்மீன் குறைந்து கரும்பொருள் மிகுந்த குறு மண்டலங்களே இதற்குத் தக்க உரைகல். அத்தகைய 15 மண்டலங்களை ஆராய்ந்த ஃபெர்மி குழுவினர், குறிப்பிடத்தக்க மிகை எதனையும் காணவில்லை என 2015-இல் வெளியிட்டனர். மிகை உண்மை; அதன் காரணம் முடிவாகவில்லை. ஐயத்தை முடிவென மொழிதல் அறிவியலுக்கு அழகன்று.