11 குவார்ட் சந்தோஷம்

வண்டி வேலைகளிலேயே உனக்கு எது பிடிக்கும் என்று யாராவது கேட்டால் கொஞ்சமும் யோசிக்க மாட்டேன். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு எண்ணெய் மாற்றுவதுதான்! இன்ஜின் ஆயிலில் என்ன சுவாரஸ்யம் இருக்கிறது? வடி, ஃபில்டரை மாற்று, ஊற்று, கையைக் கழுவு. அவ்வளவுதான். டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட் அப்படியா? கொஞ்சம் பயம், கொஞ்சம் கணக்கு, நிறையத் துப்பறியும் வேலை. கடைசியில் டாஷ்போர்டில் ஒரு குட்டி விளக்கு எரியும் பாருங்கள், அந்தப் பரவசத்துக்கு ஈடே கிடையாது.

என்னுடையது 2012 டொயோட்டா டகோமா பிக்கப். வி6 இன்ஜின், ஃபோர்வீல் டிரைவ், 5 கியர் ஆட்டோமேட்டிக். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் தொழிற்சாலை 2010இல் மூடப்பட்டதும் டகோமா தயாரிப்பு சான் அன்டோனியோவுக்கு வந்தது. ஹூஸ்டனில் இருக்கும் எனக்கு அது மூன்று மணி நேர தூரம்தான். அதனால் இதை உள்ளூர்ப் பிள்ளை என்றே கொண்டாடுகிறேன்.

இந்த கியர் பாக்ஸில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கே கிடையாது. "சீல்டு" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டே பாதிப் பேர் ஓடிவிடுகிறார்கள். வண்டி இருக்கிறவரை அதைத் தொடவே வேண்டாம் என்று சத்தியம் செய்பவர்களும் உண்டு. ஆனால் சுமை இழுக்கும் வண்டியென்றால் 60,000 மைலில் மாற்று என்று வண்டியோடு வரும் பராமரிப்புப் புத்தகமே சொல்கிறது. என் டகோமா ஆகஸ்ட் வெயிலில் படகு டிரெய்லரை இழுத்துக்கொண்டு, ஐ-45 நெரிசலில் நின்று நின்று கால்வெஸ்டன் போகிற வண்டி. ஆட்டோமேட்டிக்குக்கு எமன் சூடுதான். எண்ணெய் சூட்டில் வெந்து வெந்துதான் குணம் கெடுகிறது.

பழைய எண்ணெயை மாற்றினால் கியர் பாக்ஸே போய்விடும் என்று ஒரு பயம் ஊரெல்லாம் உலவுகிறது. என் அபிப்பிராயம் இது: தேய்ந்துபோன கிளட்ச் எண்ணெய் மாற்றாவிட்டாலும் போகத்தான் போகிறது, பழி மட்டும் புது எண்ணெயின் தலையில் விழுகிறது. மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவி விடுவதை நானும் செய்ய மாட்டேன். கியர் பாக்ஸின் சொந்த பம்பை வைத்தே நிதானமாக மாற்றுவது வேறு விஷயம்.

இந்தத் திரவம் செய்கிற வேலைகளைப் பாருங்கள். இன்ஜினின் சக்தியை டார்க் கன்வெர்ட்டர் வழியாகக் கடத்துவது இது. கியர் மாறும்போது கிளட்ச்களை அழுத்திப் பிடிப்பதும் இதுவே. பல்சக்கரங்களுக்கு மசகு, எல்லாவற்றுக்கும் குளிர்ச்சி, அதுவும் இதுவே. வழுக்கவும் வேண்டும், கிளட்ச் தட்டுகள் வழுக்காமல் பிடிக்கவும் வேண்டும்! 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே வேதியியல்காரர்களுக்கு இது தலைவலிதான். 1970களின் தொடக்கம் வரை டெக்ஸ்ரான் என்ற கியர் பாக்ஸ் எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் கொழுப்பெண்ணெய் கலந்திருந்தது தெரியுமா? அந்தத் திமிங்கலத்துக்கு அமெரிக்காவில் பாதுகாப்பு வந்த பிறகுதான் அதற்கு மாற்று கண்டுபிடித்துச் சேர்த்தார்கள். டிரக்குக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கும்போது இதெல்லாம் நினைவுக்கு வந்தால் வேலையின் ருசியே தனி.

மல்லாந்து படுப்பதும் சுலபம்தான். டகோமா உயரமான வண்டி. ஜாக்கி போடாமலே, என் தொப்பையோடு, உள்ளே புகுந்துவிடலாம். தரை மட்டும் சமமாக இருக்க வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் எண்ணெய் அளவு தப்பாகக் காட்டும்.

முதல் விதி: ஊற்றுகிற பிளக்கை முதலில் திற. பயணி பக்கம் கியர் பாக்ஸின் விலாவில் இருக்கும் பெரிய பிளக் அது. 24 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும். தலையிலேயே டபிள்யூ.எஸ். என்று எண்ணெயின் வகையே பொறித்திருக்கும், எந்த எண்ணெய் என்பதில் குழப்பமே வேண்டாம். எண்ணெயை வடித்துவிட்டு இதைத் திறக்க முடியாமல் நின்றால் வண்டி வாசலிலேயே கிடக்க வேண்டியதுதான்.

பிறகு கீழே டிரெயின் பிளக். அதைக் கழற்றினால் 3 குவார்ட் அளவுக்குத்தான் வடியும். மொத்தம் கொள்வதோ சுமார் 11 குவார்ட்! மிச்சமெல்லாம் டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் ஒளிந்திருக்கிறது. அடியில் எண்ணெய் தேங்கும் தட்டான பேனையும் இறக்கினால் உள்ளே காந்தங்கள் ஒட்டியிருக்கும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. காந்தத்தின் மேல் சாம்பல் நிறத்தில் மைபோல ஒரு பசை படிந்திருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நைசாக இருந்தால் சாதாரணத் தேய்மானம். நெருடினாலோ, வெளிச்சத்தில் துணுக்காக மின்னினாலோ விவகாரம். என்னுடையது நைசு, அப்படியொரு நைசு! பேன் போல்ட்டுகளைத் திரும்ப மாட்டும்போது மட்டும் முரட்டுத்தனம் ஆகாது. 4.4 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு. ராட்செட்டை இரண்டு விரலால் பிடித்தாலே போதும்.

ஒளிந்திருக்கும் எண்ணெயை வெளியே கொண்டுவருவதுதான் திருவிழா. வடிந்த அளவுக்குப் புது எண்ணெயை ஊற்றிவிட்டு, கூலரிலிருந்து திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி, அங்கே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் சொருகி, அளவுக் கோடு போட்ட வாளிக்குள் விட வேண்டும். ஸ்டியரிங்கில் ஒரு ஆள் தேவை. ஹூஸ்டனில் படிக்கும் என் மைத்துனன் கிடைத்தான்.

"ஸ்டார்ட் பண்ணுடா!"

"மாமா, வெடிச்சிடாதே?"

"ஒண்ணும் ஆகாது, பண்ணு!"

இன்ஜின் உறுமியதும் குழாயில் கருஞ்சிவப்பாய்ப் பழைய எண்ணெய் துள்ளிக்கொண்டு வந்தது பாருங்கள்! 2 குவார்ட் கோட்டைத் தொட்டதும் "நிறுத்து!" என்று கத்த வேண்டும். சில நொடி தாமதித்தாலும் பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும். நிறுத்தி, அதே 2 குவார்ட் அளவுக்குப் புது எண்ணெயைக் கைப்பம்பால் ஊற்றி, மறுபடி ஸ்டார்ட். ஒவ்வொரு முறையும் குழாயில் நிறம் தெளிந்துகொண்டே வரும். திடீரென்று ஒரு முறை, ரோஸ்மில்க் எசன்ஸ் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்த நிறம்! பயந்துகொண்டே உட்கார்ந்திருந்த மைத்துனன் கதவைத் திறந்து இறங்கி வந்து ஃபோனில் வீடியோ எடுத்தான். இன்ஜின் ஆயில் மாற்றும்போது யாராவது வீடியோ எடுப்பார்களா?

இனி அந்த விளக்கு. எண்ணெய் சூட்டில் விரியும். அதனால் அளவை ஒரு குறிப்பிட்ட சூட்டில்தான் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக் இல்லாத குறையைத் தீர்க்க டொயோட்டா இன்ஜினியர்கள் ஒரு ரகசிய வழி வைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் 4, 13 ஆகிய இரண்டு பின்களையும் சின்ன ஒயரால் இணைக்க வேண்டும். பின் எண்களைச் சரிபார்த்துவிட்டு இணையுங்கள். 16ஆம் பின்னில் பேட்டரி மின்சாரம் காத்திருக்கிறது. ஏ.சி.யை அணைத்து, பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை எல்லா இடத்துக்கும் ஒரு சுற்று கொண்டுபோய் வந்து, பிறகு என்னுக்கும் டிக்கும் இடையே சில நொடிகள் சட்சட்டென்று மாற்ற வேண்டும். டாஷ்போர்டில் 'டி' விளக்கு இரண்டு நொடி எரியும். வண்டி உங்கள் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்! லீவரை பார்க்குக்குக் கொண்டுவந்து ஒயரை எடுத்துவிடலாம்.

அதன் பிறகு விளக்கு அணைந்திருந்தால் எண்ணெய் இன்னும் ஆறிக் கிடக்கிறது. எரிந்தால் சரியான சூடு. சிமிட்டினால் மிஞ்சிவிட்டது, ஆறவிட வேண்டும். சுமார் 46 டிகிரி செல்சியஸில் எரியத் தொடங்கும். எரிந்ததும் ஓடிப்போய் அடியில் புகுந்து, பேனில் இருக்கும் ஓவர்ஃப்ளோ பிளக்கை 5 மில்லிமீட்டர் ஆலன் கீயால் திறக்க வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே சைலன்சர் குழாய் கொதிக்கும், முழங்கை பத்திரம். தாரையாக வந்தால் எண்ணெய் அதிகம். வராவிட்டால் குறைவு. தாரை மெலிந்து மெலிந்து நூல்போலாகும் கணத்தில் புது வாஷரோடு பிளக்கை மூடி, 20 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிவிட்டால் முடிந்தது. என்ன அழகான ஏற்பாடு! டிப்ஸ்டிக்கே வேண்டாம் என்று அன்றைக்கு முடிவு கட்டிவிட்டேன்.

ஓட்டிப் பார்த்தீர்களா என்றால், ஓட்டாமல் இருப்பேனா? ஹூஸ்டனில் மேடே கிடையாது. ஃப்ளைஓவர்தான் எங்களுக்கு மலை. ஏறும்போது கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளும் இடத்தில் முன்பு லேசாக ஒரு நடுக்கம் வரும். அது இப்போது இல்லை! இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவது காதுக்குத்தான் தெரிகிறது, முதுகுக்குத் தெரியவில்லை. பாதி என் மனப்பிராந்தி என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கட்டுமே, மீதிப் பாதி போதாதா?

பழைய எண்ணெயைக் காலி பாட்டில்களிலேயே நிரப்பி ஆட்டோஸோனில் கொடுத்தால் காசு கேட்காமல் வாங்கிக்கொள்கிறார்கள். கொடுத்துவிட்டுத் திரும்பும்போதே முன் டிஃபரென்ஷியலுக்கு 10 மில்லிமீட்டர் ஹெக்ஸ் சாக்கெட்டும் கியர் ஆயிலும் வாங்கி வந்துவிட்டேன். மைத்துனனுக்கு ஃபோன் போட்டால், தனக்கு அடுத்த வாரம் முழுக்கப் பரீட்சை என்கிறான்.