இல்லத்தில் நிகழும் பின்கவனிப்பும் ஆயர் பணியும்: ஒரு திறனாய்வு

உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட கருக்கலைப்புப் பராமரிப்பு வழிகாட்டி மருத்துவத் துறையினருக்காக எழுதப்பட்டது. எனினும் அதன் பரிந்துரையொன்று ஆயர்களின் கவனத்திற்கும் உரியது. மாத்திரைகளால் நிகழும் கருக்கலைப்பு சிக்கலின்றி முடிந்தால், பெண் மீண்டும் மருத்துவரிடம் வரவேண்டிய கட்டாயமில்லை என்கிறது அந்நூல். கருக்கலைப்பின் அறநெறி குறித்துத் திருச்சபைகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. அவ்விவாதம் இங்கு நமது பொருளன்று. மாத்திரை உட்கொண்டபின் வீட்டில் தங்கியிருக்கும் பெண்ணை இந்நூல் எவ்வாறு காண்கிறது, நாம் எவ்வாறு காண்கிறோம் என்பதே நமது வினா.

முதலில் மிஃபெப்ரிஸ்டோன், ஓரிரு நாள் கழித்து மிசோபுரோஸ்டால் என இரு மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. வலியும் உதிரப்போக்கும் பெரும்பாலும் வீட்டிலேயே நிகழ்கின்றன. ஆகவே அபாய அறிகுறிகளை அப்பெண்ணே அறிந்திருக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு பெரிய நாப்கின்களுக்கு மேல் நனையும் உதிரப்போக்கு, ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், தணியாத வயிற்றுவலி, துர்நாற்றமுள்ள கசிவு ஆகியவற்றில் ஒன்று காணப்படினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருப்பைக்கு வெளியே தங்கிய கருவை இம்மாத்திரைகள் அகற்றுவதில்லை. அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

பெண்ணைத் தன் உடலை அறியத்தக்கவளாக மதிப்பது இந்நூலின் சிறப்பாகும். அது நடைமுறையையும் உணர்ந்திருக்கிறது. இந்தியாவில் 2015ஆம் ஆண்டு ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நிகழ்ந்தன என்றும், அவற்றில் 73 விழுக்காடு மருத்துவ நிலையங்களுக்கு வெளியே மாத்திரைகளால் நிகழ்ந்தவை என்றும் 2018இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. நாம் ஒப்பினும் ஒப்பாவிடினும், பின்கவனிப்பின் இடம் ஏற்கெனவே வீடாகிவிட்டது.

ஆயினும் நூலின் குறையும் இங்கேயே உள்ளது. நற்பராமரிப்புக்கு உகந்த சூழலின் தூண்களாக அது மூன்றைக் கூறுகிறது: மனித உரிமைகளை மதிக்கும் சட்டமும் கொள்கையும், தகவல் கிடைத்தல், செவ்வனே இயங்கும் நலவாழ்வு அமைப்பு. வீடும் சமயச் சமூகமும் தனித் தூண்களாக எண்ணப்படவில்லை. ஒற்றை அறையில் மாமியாரோடு வாழ்பவள் நாப்கின்களை எங்கே எண்ணுவாள்? கைப்பேசி கணவனிடம் இருக்க, நள்ளிரவில் யாரை அழைப்பாள்? அறிகுறிகளை அறிந்திருப்பது ஒன்று. அவற்றை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல இயலுவது மற்றொன்று.

இக்குறையைச் சுட்டும் உரிமை நமக்கு உண்டா என்பதையும் கேட்டாக வேண்டும். 2021இல் திருத்தப்பட்ட இந்தியச் சட்டம், சட்டம் அனுமதித்தவருக்கன்றி வேறெவருக்கும் அப்பெண்ணின் பெயரை மருத்துவர் வெளியிடலாகாது என்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. நம்மிடமோ ஒருத்தியின் துயரம் ஜெபக்குறிப்பாகி, மாலைக்குள் தெருவெங்கும் சென்றடைகிறது. சபைக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சி ஒரு பெண் மருத்துவமனைக்குச் செல்வதை ஓர் இரவு தள்ளிப்போட்டால், அவ்விரவுக்கு நாமும் பொறுப்பாளிகள் ஆவோம்.

பெரும்பாடுள்ள பெண்ணின் வரலாற்றை (மாற்கு 5:25-34) நாம் விசுவாசத்திற்கு எடுத்துக்காட்டாகவே பிரசங்கிக்கிறோம். நிகழ்ச்சிகளின் வரிசையைக் கவனிப்பதில்லை. அவள் மறைவாகத் தொட்டாள், உதிரம் நின்றது, அதன் பின்னரே நடுக்கத்தோடு உண்மையனைத்தையும் உரைத்தாள். குணமடைதல் முந்தியது, அறிக்கை பிந்தியது. நாம் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் அறிக்கையையும் பின்னர் பரிவையும் வைத்துவிட்டோம். இயேசு அவளைக் கூட்டத்தின் நடுவே வெளிப்படுத்தினாரே என்று வினவலாம். உண்மைதான். ஆயினும் அங்கு அவர் குற்றத்தை விசாரிக்கவில்லை. தீட்டுள்ளவள் என எவரும் அவளை ஒதுக்காதபடி, அனைவர் செவியிலும் விழ மகளே என்றழைத்தார்.

ஆயர் செவிலியராக வேண்டுவதில்லை. ஆனால் மேற்கண்ட அபாய அறிகுறிகளை அறிந்திருக்கலாம்; இரவில் ஒரு வாகனத்தை ஏற்பாடு செய்யலாம்; கேட்டதைத் தம்மோடு வைத்துக்கொள்ளலாம். இவ்வித நிலையிலுள்ள ஒரு பெண் தம்மிடம் வந்தால், ஏன் செய்தாய் என்பதற்கு முன், உதிரப்போக்கு எப்படியிருக்கிறது, காய்ச்சல் உண்டா என்று அவர் கேட்பாராக. இறையியல் மாணவர் ஆயர் பணி வகுப்பில் இவ்வரிசையைக் கற்றுக்கொள்வாராயின், மருத்துவ நூல் விட்டுவைத்த இடத்தில் திருச்சபை தன் கடமையைத் தொடங்கியிருக்கும்.