யமன் வெள்ளியும் செய்கூலியும்

யமன் நாட்டுப் பழைய வெள்ளி நகைகளைப் பற்றிய படநூல்களும் விற்பனைப் பட்டியல்களும் இந்நாளில் பெருகிவிட்டன. அவற்றைப் புரட்டுங்கால் இரண்டு சொற்கள் நம் கண்ணை உறுத்துகின்றன. ஒன்று ‘ஸ்டெர்லிங்’, மற்றொன்று ‘இஸ்லாமியக் கலை’. முதற்சொல் பெரும்பாலும் பொய். இரண்டாவது பொய்யன்று, ஆயினும் மெய்யில் பாதியை விழுங்கிவிட்ட சொல்.

ஸ்டெர்லிங் என்பது 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி உடைய கலவை. எஞ்சிய 75 பங்கு பெரிதும் செம்பு. தூய வெள்ளி மென்மையானது, எளிதில் வளைந்துவிடும் என்பதால் செம்பு சேர்க்கின்றனர். இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டுச் சட்டம் இம்மாற்றுக்குச் சிறுத்தைத் தலை முத்திரையை விதித்தது. 1544 முதல் நடக்கும் சிங்கத்தின் உருவமும் சேர்ந்தது. ஸன்ஆ நகரத்துத் தட்டானுக்கு அந்தச் சிங்கத்தோடு என்ன உறவு? அவன் மூசையில் உருகியது பெரும்பாலும் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் நாணயம். அவ்வம்மையார் 1780இல் இறந்தார். அதன் பின்னர் எந்த ஆண்டில் அச்சிட்டாலும் 1780 என்றே பொறிக்கப்பட்ட அந்த நாணயம் அரபு நாடெங்கும் புழங்கியது. யமனியர் அதனை ‘ரியால் பரான்ஸி’ என்றனர். எடை சற்றேறக்குறைய 28 கிராம். வெள்ளி 1000க்கு 833 பங்கு. நாணயத்தை அப்படியே உருக்கி வார்த்த நகை ஸ்டெர்லிங்கிற்குத் தாழ்ந்ததே. நுண்ணிய கம்பி வேலைக்கோ தூய்மை கூடிய வெள்ளி வேண்டும். மலிவுச் சரக்கில் செம்பு மிகும். இத்தனை வேறுபாட்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் மூடுவது, உரைகல்லைத் தொடாமலே மாற்றுரைப்பதாகும்.

‘மிகத் தொன்மையானது’ என்னும் விளம்பரத்தையும் ஐயத்தோடே கொள்ளல் வேண்டும். அந்நாட்டில் நகை பெண்ணின் சொந்த உடைமை. மஹராக வந்தது, இடர்ப்பட்ட நாளில் விற்பதற்கு உரியது. அவள் மறைந்தபின் அது பெரும்பாலும் உருக்கப்பட்டு, வேறொரு மணமகளுக்குப் புது நகையாயிற்று. எனவே இன்று கையில் கிடைப்பவற்றுள் மிகப் பெரும்பாலானவை 19, 20ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவையே. ஆனால் கலையின் வேர் பழமையானது. 10ஆம் நூற்றாண்டின் யமனி அறிஞர் அல் ஹம்தானி பொன், வெள்ளி ஆகிய இரண்டையும் பற்றித் தனிக் கிதாபு எழுதியவர். ரள்ராள் என்னும் வெள்ளிச் சுரங்கத்தைப் பற்றிய செய்தியை அவர் வழியாகவே உலகம் அறிந்தது.

இனி வேலைப்பாட்டிற்கு வருவோம். ‘ஹிர்ஸ்’ என்னும் தாயத்துக் கூட்டை எடுத்துக்கொள்வோம். மார்பில் குறுக்காகத் தொங்கும் உருளை அல்லது பெட்டி. அடியில் வரிசையாகச் சிறு சங்கிலிகள், அவற்றின் நுனியில் மணிகள். முகப்பெங்கும் கடுகினும் சிறிய வெள்ளிக் குருணைகள் அணிவகுத்து நிற்கும். கம்பியைத் துணுக்குகளாக நறுக்கிக் கரியின்மீது காய்ச்சினால் ஒவ்வொன்றும் தானே உருண்டு திரளும். அவற்றை ஒவ்வொன்றாக வைத்து, வெங்காரமும் பற்றாசுப் பொடியும் இட்டு, ஊதுகுழலால் தீயைச் செலுத்த வேண்டும். பொடி உருக வேண்டும், குருணை உருகலாகாது. ஒரு மூச்சு மிகுந்தால் பல நாள் உழைப்பு ஒரே கட்டியாகிவிடும். ‘பொடி வைத்துப் பேசுவது’ என நாம் சொல்கிறோமே, அவ்வழக்கை இந்தப் பட்டறை நினைவூட்டுகிறது. நல்ல ஹிர்ஸில் குருணைகளுக்கு இடையே உள்ள வெற்றிடமும் அளந்து விடப்பட்டிருக்கும். தரம் குறைந்ததில் இடம் கண்டவிடமெல்லாம் அப்பியிருக்கும். மதிப்பிடுவோன் பார்க்க வேண்டியது இவ்வெற்றிடத்தையே அன்றி முத்திரையை அன்று. திறப்பே இல்லாது முற்றும் அடைத்துச் செய்யப்பட்ட ஹிர்ஸ்களும் உண்டு. அவற்றுள் எந்த ஓலையும் புக வழியில்லை. தாயத்துக்கு எதிராகப் பத்வா எழுதுவோர் அவற்றைச் சற்றே விட்டுவைக்கலாம்.

இவற்றைச் செய்த கைகள் யாருடையவை? யமனின் வெள்ளித் தட்டார்களுள் மிகப் பெரும்பாலோர் யூதர்கள். முஸ்லிம் மணமகளின் கழுத்தணியும், குர்ஆன் வசனம் சுமந்த கூடும் அவர்களுடைய ஊதுகுழலிலிருந்தே வந்தன. 1949, 1950ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 49,000 யூதர்கள் விமானங்களில் இஸ்ரேலுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். புறப்படுமுன் தம் தொழிலை முஸ்லிம்களுக்குக் கற்பித்துச் செல்லுமாறு இமாம் அஹ்மது பணித்தார் என்று சொல்லப்படுகிறது. கற்றவர்களும் நல்ல வேலை செய்தனர். எனினும் அறுந்த இழை முழுதும் முடியப்படவில்லை. நம்மவர் எழுதும் கட்டுரைகளில் இச்செய்தி ஒரு வரியாகவேனும் இடம்பெறுவது அரிது. அணிந்தவர் நம்மவர் என்பதனாலேயே செய்தவரும் நம்மவர் எனப் படிப்போர் எண்ணிக்கொள்ளட்டும் என விட்டுவிடுகிறோம். எடையில் மோசம் செய்வோரைத் திருமறை கடிந்துரைக்கிறது; பெயரில் செய்யும் மோசம் எந்தத் தட்டில் நிறுக்கப்படும்?

முஸ்லிம்கள் இத்தொழிலை ஏன் பிறருக்கு விட்டனர் என்பதற்கு ஆய்வாளர் சிலர் பிக்ஹுச் சட்டத்தைக் காரணம் காட்டுவர். வெள்ளிக்கு வெள்ளி மாற்றுங்கால் எடை சமமாகவும் கைக்குக் கையாகவும் இருத்தல் வேண்டும். கூடினால் அது ரிபா. போரில் கிடைத்த வெள்ளிப் பாத்திரத்தை முஆவியா (ரலி) விற்கப் பணித்தபோது உபாதா (ரலி) எழுந்து எதிர்த்த வரலாறு ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பெரும்பான்மை இமாம்கள் கைவேலையைக் காரணமாக வைத்து எடை கூட்ட இடந்தரவில்லை. வெள்ளியை நாமே கொடுத்துச் செய்வித்தால் கூலி வேறு, அதில் தடையில்லை. இந்த வழி திறந்திருக்கையில் சட்டம் ஒன்றையே காரணமாக்குவது நமக்கு உடன்பாடன்று. கைத்தொழிலைத் தாழ்வென்று கருதிய கபீலாப் பெருமிதமே பெருங்காரணம் என்பது நம் கருத்து.

இப்னுல் கைய்யிம் (ரஹ்) ஒரு படி மேலே சென்றார். ஆகுமான நகை, செய்கையினால் நாணயத் தன்மை நீங்கிச் சரக்கின் தன்மை பெறுகிறது. ஆகவே கைவேலைக்கும் விலை உண்டு என்றார். ஷாபிஈ மத்ஹபில் ஓதிய நாம் அத்தீர்ப்பின்படி பத்வா வழங்கத் துணியோம். ஆயினும் ஒரு நகையைக் கலையாக நோக்கும் கண் அந்த வாதத்தில் இருப்பதை மறுப்பதற்கில்லை. நம் ஊர்க் கடைக்காரரும் செய்கூலி, சேதாரம் என்று பிரித்துத்தான் சீட்டெழுதுகிறார். அந்தக் கூலி எவர் கைக்குப் போயிற்று என்பதுதான் எந்தச் சீட்டிலும் இல்லை. விற்பனைப் பட்டியல்களிலோ ‘பவ்ஸானி’, ‘பதீஹி’ என்னும் சொற்கள் உயர்ந்த வேலைப்பாட்டு வகைகளின் பெயர்களாக அச்சிடப்படுகின்றன. படிப்பவர் அவற்றை ஊர்ப்பெயர் என்றே கொள்வர். அவை ஸன்ஆவின் யூதர் தெருவில் வாழ்ந்த இரு தட்டார் குடும்பங்களின் பெயர்கள்.