16-ஆம் நாள் மாத்திரை

போடியில் கல்யாணம் முடிந்து ஆறு மாதம் ஆனால் போதும், "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரு வருஷம் தாண்டினால் கேள்வி போய் யோசனை வரும்: இந்த டாக்டரைப் பார், அந்த மாத்திரையைக் கேட்டு வாங்கு. அந்த மாத்திரை பல நேரம் புரோஜெஸ்டிரோன் வகையாகத்தான் இருக்கும். டைட்ரோஜெஸ்டிரோன் 10 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று, மாதவிலக்கின் 16-ஆம் நாள் தொடங்கி 25-ஆம் நாள் வரை. நம் நாட்டு மருந்துச் சீட்டுகளில் பல காலமாகப் புழங்கும் கணக்கு இது. "கரு தங்குறதுக்கு" என்று ஒரே வரியில் விளக்கம் சொல்லிக் கொடுப்பார்கள். ஊசி, குழாய் என்று எதற்கும் போகாமல் வீட்டிலேயே இயல்பாகக் கருத்தரிக்க முயலும் பெண்ணுக்கு இந்த மாத்திரை உண்மையில் உதவுகிறதா?

மாத்திரையின் பக்கம் இருக்கும் வாதத்தை முதலில் முழுசாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அது பலமான வாதம். சினைமுட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் நிறத் திசு ஒன்று உருவாகிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. அந்தச் சுரப்புதான் கர்ப்பப்பையின் உள்வரியைக் கரு ஒட்டுவதற்கு ஏற்றதாக மாற்றுகிறது. அந்தத் திசுவை எடுத்துவிட்டால் கர்ப்பம் நிலைக்காது என்பதை லுட்விக் ஃப்ரேங்கல் 1903-லேயே முயல்களிடம் காட்டினார். 1929-ல் ஜார்ஜ் கார்னரும் வில்லார்ட் ஆலனும் அதன் சாற்றைச் செலுத்தியே கர்ப்பத்தைக் காப்பாற்றினார்கள். 1970-களில் ஆர்பட் சாப்போ பெண்களிடமே இதை உறுதிசெய்தார்: ஏழாவது வாரத்துக்குமுன் அந்தத் திசுவை நீக்கினால் கரு கலைகிறது, வெளியிலிருந்து புரோஜெஸ்டிரோன் கொடுத்தால் நிலைக்கிறது. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. இதன் மேல்தான் 1949-ல் ஜார்ஜியானா ஜோன்ஸ் ஒரு கருத்தை வைத்தார். சில பெண்களுக்கு இந்தச் சுரப்பு குறைவாக இருக்கிறது, அதனால்தான் அவர்களுக்குக் குழந்தை நிற்பதில்லை என்றார். 16-ஆம் நாள் சீட்டு அந்தக் கருத்தின் பேரப்பிள்ளை.

சறுக்கல் இந்த இரண்டாம் படியில்தான். புரோஜெஸ்டிரோன் இல்லாமல் கர்ப்பம் இல்லை என்பதிலிருந்து, கர்ப்பம் ஆகாதவளுக்குப் புரோஜெஸ்டிரோன் குறைவு என்ற முடிவு வராது. இருப்பதற்கு மேல் கொடுத்தால் கர்ப்பம் ஆகும் என்பதும் வராது. குறைவு என்று எதை வைத்துச் சொல்கிறோம்? இரத்தப் பரிசோதனையை வைத்து. ஆனால் இந்தச் சுரப்பு ஒரே சீராக ஓடுவதில்லை, துடிப்புத் துடிப்பாக வருகிறது. மார்கோ ஃபிலிகோரி குழு 1984-ல் ஆரோக்கியமான பெண்களின் இரத்தத்தை நாள் முழுக்கப் பத்துப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தது. அவர்களிடம் ஒரே நாளில் மில்லிலிட்டருக்கு 2.3 நானோகிராமிலிருந்து 40.1 வரை அளவு ஏறி இறங்கியது. காலை பத்து மணிக்குக் 'குறைவு' என்று வந்தது பதினொன்றரைக்கு 'ஏராளம்' என்று வரக்கூடும். தோட்டக் கூலியை ஒருநாள் விட்டுவிட்டு, உடும்பன்சோலைப் பக்கத்திலிருந்து மலையிறங்கி வந்து, ஒரே ஒருமுறை இரத்தம் கொடுத்துப் போகிற பெண்ணுக்கு "உனக்கு ஹார்மோன் கம்மி" என்று அந்த ஒற்றை எண்ணை வைத்துச் சொல்வது அநியாயம். அந்தப் பரிசோதனை ஒன்றைத்தான் நம்பிக்கையோடு சொல்லும்: அளவு 3-க்கு மேல் இருந்தால் அந்த மாதம் முட்டை வெளியேறியிருக்கிறது.

அதுவும் சரியான நாளில் எடுத்தால்தான். வழக்கமாக இரத்தம் எடுக்கச் சொல்லும் 21-ஆம் நாள் என்பது 28 நாள் சுற்றுக்கான கணக்கு. 35 நாளைக்கு ஒருமுறை விலக்காகும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு முட்டை வெளியேறுவதே ஏறக்குறைய 21-ஆம் நாளில்தான். அன்றைக்கு இரத்தம் எடுத்தால் புரோஜெஸ்டிரோன் குறைவாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதைப் பார்த்து அடுத்த மாதம் 16-ஆம் நாளே மாத்திரை தொடங்கினால் என்ன ஆகும்? முட்டை வெளியேற இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அதற்குள் உள்வரி முதிரத் தொடங்கிவிடும், கர்ப்பப்பை வாயின் சளி கெட்டியாகி விந்தணுவுக்கு வழி அடையலாம். அளவும் வகையும் பொறுத்து, முட்டையை வெளியேற்றும் எல்.எச். ஹார்மோனின் எழுச்சியே தடைபடலாம். சோதனைக்குழாய் சிகிச்சையில் முட்டை முன்கூட்டியே வெளியேறாமல் பிடித்துவைக்க இதே வகை மருந்தைத்தான் சில மையங்களில் கொடுக்கிறார்கள். வழக்கமான அளவில் டைட்ரோஜெஸ்டிரோன் முட்டை வெளியேறுவதை அவ்வளவாகத் தடுப்பதில்லை என்பது உண்மை. ஆனாலும் உள்வரியும் கருவும் ஒன்றுக்கொன்று நாள் பிசகிப்போகும் சிக்கல் அதனால் தீர்ந்துவிடாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. 25-ஆம் நாள் மாத்திரையை நிறுத்தினால் சில நாளில் இரத்தம் வந்துவிடும். 35 நாள் சுற்று 28 ஆகிவிட்டது, "ஹார்மோன் சரியாயிடுச்சு" என்று வீட்டில் நிம்மதி. உண்மையில் எதுவும் சரியாகவில்லை. வந்தது மருந்தை நிறுத்தியதால் வந்த இரத்தம். அடியில் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையோ தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் கோளாறோ இருந்தால், அதைக் காட்டிக்கொடுத்த ஒரே அடையாளத்தை மாத்திரை மூடி மறைத்துவிட்டது. முட்டையே உருவாகாத பெண்ணுக்குப் புரோஜெஸ்டிரோன் முட்டையைத் தராது. அவளுக்கு வேண்டியது முட்டையை வளர்க்கும் மருந்து. நீர்க்கட்டி உள்ள பெண்களிடம் லெட்ரோசோல் 27.5 விழுக்காடும் குளோமிஃபீன் 19.1 விழுக்காடும் குழந்தைப்பேறு தந்ததாக ரிச்சர்ட் லெக்ரோ குழுவின் 2014 ஆய்வு காட்டியது. அந்த வழிக்குப் போகாமல் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று 16-ஆம் நாள் சீட்டிலேயே கழிந்தால், முப்பத்தைந்தை நெருங்கும் பெண்ணுக்கு அந்த இழப்பை யாராலும் திருப்பித் தர முடியாது.

வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்கு நாள் தள்ளிப்போட மெடிக்கலில் வாங்கும் நோரெத்திஸ்டிரோனும் புரோஜெஸ்டிரோன் குடும்பந்தான் (கருத்தரிக்க முயலும் மாதத்தில் அதைத் தொடவே கூடாது). விலக்கைத் தள்ளிவைப்பது இந்தக் குடும்பத்தின் சுபாவம். ஆகவே குழந்தைக்கென்று மாத்திரை சாப்பிடும் மாதத்திலும் நாள் தள்ளிப்போகலாம், அது கர்ப்பமாக இருக்க வேண்டியதில்லை. மார்பு கனக்கும், குமட்டும், உடம்பு அசதியாக இருக்கும். எல்லாம் கர்ப்பத்தின் அடையாளம்போலவே இருக்கும். மாமியார் கோயிலுக்கு நேர்ந்துகொண்ட பிறகு இரத்தம் வருகிற கொடுமையை மாத்திரையின் பக்கவிளைவுப் பட்டியல் எதுவும் எழுதுவதில்லை.

சரி, சோதித்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? பிரிட்டனில் ஆரி குமாரசாமி தலைமையில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் இந்த விவாதத்தின் முதுகெலும்பு. காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் கரு கலைந்த 836 பெண்களை 2015-ல் வெளியான முதல் ஆய்வு எடுத்துக்கொண்டது. கர்ப்பம் உறுதியானதும் பாதிப்பேருக்குப் புரோஜெஸ்டிரோன், மீதிப்பேருக்கு மருந்தில்லா மாத்திரை. குழந்தை பெற்றவர்கள் மருந்து எடுத்தவர்களில் 65.8 விழுக்காடு, எடுக்காதவர்களில் 63.3. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்த இரண்டாவது எண்ணை நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். மூன்று முறையோ அதற்கு மேலோ இழந்த பெண்களிலும், எந்த மருந்தும் இல்லாமல் ஏறக்குறைய மூன்றில் இருவர் குழந்தை பெற்றிருக்கிறார்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு இதை யாராவது சொல்கிறார்களா?

2019-ல் வந்த இரண்டாவது ஆய்வு 4,153 பேரைப் பார்த்தது. தொடக்க வாரங்களில் இரத்தப்போக்கு ஏற்பட்ட கர்ப்பிணிகள். மொத்தத்தில் குழந்தை பெற்றவர்கள் மருந்து எடுத்தவர்களில் 75 விழுக்காடு, எடுக்காதவர்களில் 72; உறுதியாகச் சொல்லும் வித்தியாசமல்ல. ஆனால் ஏற்கெனவே மூன்று முறையோ அதற்கு மேலோ கரு கலைந்து, இப்போது இரத்தமும் படுகிற பெண்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 72-க்கு 57. உட்பிரிவுகளில் கிடைக்கும் எண்களை எச்சரிக்கையோடுதான் எடுக்க வேண்டும் என்றாலும், இது ஒதுக்கித் தள்ளும் அளவு சிறியதல்ல.

மாத்திரையின் பக்கம் நிற்பவர் இங்கே ஒரு நியாயமான மறுப்பை எழுப்பலாம்: இந்த ஆய்வுகள் கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கியவை, முட்டை வெளியேறியவுடன் தொடங்கியிருந்தால்? சரியான கேள்வி. மேரி ஸ்டீபன்சன் குழு 2017-ல் அப்படித் தொடங்கி நல்ல பலன் கண்டதாகச் சொன்னது. ஆனால் அது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வல்ல, பெண்களும் தொடர்ந்து கரு கலைந்தவர்கள். இயல்பாக முயலும் சாதாரணப் பெண்ணுக்கு அதை நீட்ட முடியாது. அவளுக்கு நெருக்கமானது அமெரிக்காவில் நேட்டலி கிராஃபோர்ட் குழு அதே 2017-ல் வெளியிட்டது. முட்டை வெளியேறியதிலிருந்து விலக்கு வரையிலான நாட்கள் குறைவாக இருந்த பெண்களுக்கு, அடுத்த மாதம் கர்ப்பமாகும் வாய்ப்பு குறைந்தது உண்மை. ஒரு வருஷம் முடிந்தபோது அவர்களும் மற்றவர்களும் ஏறக்குறைய சமமாகிவிட்டார்கள். குறை என்று பெயர் வைத்துப் பயமுறுத்தியது, பலருக்கு ஒரு மாதம் வந்து மறு மாதம் போகிற ஏற்ற இறக்கம்.

மாத்திரை சாப்பிட்ட மூன்றாவது மாதமே கரு நின்றது என்று சொல்லும் பெண்கள் பொய் சொல்லவில்லை. நாற்பது வயதுக்குட்பட்ட தம்பதியரில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஒரு வருஷத்துக்குள் தானாகவே கருத்தரிக்கிறார்கள். எந்த மாத்திரையைக் கொடுத்தாலும் அந்த எண்பதின் பெருமை அதற்குப் போய்ச் சேரும்.

"கெடுதல் இல்லையே, கொடுத்துப் பார்ப்போம்" என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற ஹார்மோனைக் கரு கலையாமலிருக்க 1940-களிலிருந்து கொடுத்தார்கள். பயனில்லை என்று 1953-லேயே சிகாகோ ஆய்வு காட்டியது. ஆனாலும் நிறுத்தவில்லை. 1971-ல் அந்தத் தாய்மாரின் மகள்களுக்கு அரிய புற்றுநோய் வந்தது தெரிந்த பிறகுதான் அமெரிக்காவில் கை நின்றது. புரோஜெஸ்டிரோன் அந்த வகை ஆபத்தான மருந்தல்ல. ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளிடம் பார்த்ததில் குழந்தைகளுக்குக் குறைபாடு கூடவில்லை. ஆனால் சிறிய தொல்லைகளும் இடத்தைப் பொறுத்துப் பெரிதாகும். இயற்கை வடிவப் புரோஜெஸ்டிரோன் காப்ஸ்யூலை வாய்வழி விழுங்கினால் தூக்கமும் தலைசுற்றலும் வரும். விடிகாலை இருட்டில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவைக் கடந்து, ஈரச் சரிவில் குனிந்து ஏலக்காய் எடுக்கிற பெண்ணுக்கு அது சின்ன விஷயமில்லை. எழுதிக் கொடுப்பவர் அவள் என்ன வேலைக்குப் போகிறாள் என்று கேட்டாக வேண்டும்.

கேட்க வேண்டிய இன்னொருவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். குழந்தையின்மையில் ஏறக்குறையப் பாதிக்கு ஆண் தரப்பும் காரணம். ஏலத்தோட்டத்தில் அடிக்கடி பூச்சிமருந்து அடிக்க வேண்டியிருக்கிறது, அடிப்பது பெரும்பாலும் ஆண்கள். கலிஃபோர்னியாவில் 1977-ல் டி.பி.சி.பி. என்ற புழுக்கொல்லியைத் தயாரித்த தொழிலாளர்களுக்கு விந்தணு அற்றுப்போனதைக் கண்டுபிடித்தார்கள். இங்கே அடிக்கும் மருந்து வேறு. ஆனால் கேள்வி ஒன்றுதான், அதற்கான விந்துப் பரிசோதனையும் சிக்கலானதல்ல. மனைவி ஆறு மாதம் ஹார்மோன் விழுங்கிய பிறகு கணவனைக் கூப்பிடுவது தலைகீழான முறை.

என் தீர்ப்பு இது. விலக்கு ஒழுங்காக வருகிற, இயல்பாக முயல்கிற பெண்ணுக்குப் புரோஜெஸ்டிரோன் வேண்டாம். பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டியும் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் சான்றில்லை என்றே சொல்கின்றன. விலக்கு தள்ளித் தள்ளி வருகிறவளுக்கு முதலில் காரணம் தேட வேண்டும்; மாத்திரை காரணத்தை மறைக்கும். முட்டை வெளியேறிப் பத்து நாளுக்குள் மாதாமாதம் இரத்தம் படுகிறவள், தைராய்டும் புரோலாக்டினும் பார்த்த பிறகு, மருத்துவர் சொன்னால் இரண்டு மூன்று மாதம் முயன்று பார்க்கலாம். சான்று மெலிந்தது என்று தெரிந்தே முயல வேண்டும். ஸ்கேனிலோ சிறுநீர் எல்.எச். பட்டையிலோ முட்டை வெளியேறியது தெரிந்த பிறகே தொடங்க வேண்டும், நாட்காட்டியைப் பார்த்து அல்ல. சோதனைக்குழாய் சிகிச்சையில் இந்த மருந்து அவசியம். அது வேறு கதை.

ஒரே ஓர் இடத்தில் நான் தயங்காமல் மாத்திரையின் பக்கம் நிற்பேன். முன்பு கரு கலைந்த பெண், இப்போது மறுபடி கர்ப்பம், இரத்தம் படுகிறது. 2021 நவம்பரில் நைஸ் இவர்களுக்குத்தான் 400 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோனை நாளுக்கு இருமுறை பெண்ணுறுப்பின் வழியே வைக்கச் சொன்னது. கருவின் இதயத்துடிப்பு தெரிந்தால் 16 வாரம் முடியும்வரை தொடரச் சொன்னது. அதற்குமுன் கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்தாக வேண்டும். குழாயில் தங்கிய கருவும் இதேபோல இரத்தப்போக்கோடு தொடங்கலாம், உயிரையே எடுக்கக்கூடும். ஆகவே சாந்தன்பாறையிலோ பூப்பாறையிலோ லயத்தில் இருக்கும் பெண்ணுக்கு இரத்தம் பட்டால், மெடிக்கலில் மாத்திரை வாங்கி அனுப்பக் கூடாது. அன்றைக்கே ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.