ஊக்கம்: பட்டியலும் சமன்பாடும்

ஒருவர் மனமுவந்து உழைக்கிறார். அதே சம்பளம் பெறும் மற்றொருவர் மணி எப்போது அடிக்கும் என்று காத்திருக்கிறார். ஏன்? இவ்வினாவுக்கு நிர்வாகவியல் நூல்கள் இருவகை விடை தருகின்றன. மனிதனை எவை இயக்குகின்றன என்று பட்டியலிடுபவை உள்ளடக்கக் கொள்கைகள். அவ்வியக்கம் எவ்வாறு நிகழ்கிறது என்று விளக்குபவை செயல்முறைக் கொள்கைகள். இரண்டையும் எதிரணிகளாக நிறுத்தி 'எது சரி?' என்று கேட்பது வழக்கம். அறிவியல் உரைகல்லில் இவற்றைச் சற்று உரைத்துப் பார்ப்போம்.

முதல்வகையில் பெரும்புகழ் பெற்றது ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் வெளியிட்ட கொள்கை. உடல் தேவை, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன் ஆற்றலை முழுமையாக வெளிப்படுத்தல் என ஐந்து படிகள். கீழ்ப்படி பெரும்பாலும் நிறைவேறிய பின்பே மேற்படி தலைதூக்கும் என்றார் அவர். இவ்வரிசை இறுக்கமானதன்று, விதிவிலக்குகள் உண்டு என்றும் அவரே எழுதினார். பின்வந்தோரோ அதைப் பிரமிடாக வரைந்து இயற்கை விதிபோல் ஆக்கிவிட்டனர். 1976-இல் வாபா, பிரிட்வெல் ஆகிய இருவர் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். படிவரிசைக்குத் தெளிவான ஆதாரம் கிட்டவில்லை.

பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் குழுவினர் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் பேட்டி கண்டு, 1959-இல் தம் முடிவை வெளியிட்டனர். சாதனை, பாராட்டு, பொறுப்பு ஆகியவை மனநிறைவு தரும். ஊதியம், மேற்பார்வை போன்றவை குறைந்தால் அதிருப்தி தரும், கூடினாலும் ஊக்கம் தரா என்பது அதன் சாரம். ஆனால் வெற்றியைத் தன் திறமைக்கும், தோல்வியை மேலதிகாரிக்கும் கணக்கெழுதுவது மனித இயல்பு. அவ்வாறாயின் பேட்டி காட்டியது ஊக்கத்தின் பண்பா, கருவியின் சுழிப்பிழையா?

செயல்முறைக் கொள்கைகளுள் விக்டர் வ்ரூம் 1964-இல் கூறியது முக்கியமானது. முயன்றால் வேலை முடியுமா? முடித்தால் பலன் கிட்டுமா? அப்பலன் எனக்கு வேண்டியதா? இம்மூன்றின் பெருக்கற்பலனே ஊக்கம். ஒன்று சுழியானாலும் ஊக்கம் சுழி! பதவி உயர்வு வேண்டியவருக்கும், அது சிபாரிசால்தான் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் கை தளர்வது இதனால்தான். சோதித்துப் பார்க்கத்தக்க கூற்று என்பதே இதன் சிறப்பு.

இதிலும் குறை உண்டு. வினாத்தாளில் விருப்பத்தை 4 என்று குறித்தவர், 2 என்று குறித்தவரைப்போல் இருமடங்கு விரும்புகிறாரா? 40 டிகிரி செல்சியஸ் என்பது 20 டிகிரியின் இருமடங்கு வெப்பநிலை அன்று. அந்த அளவுகோலின் சுழி நாமாக வைத்துக்கொண்டது. உண்மையான சுழி இல்லாத எண்களைப் பெருக்கிப் பெறும் விடையை எச்சரிக்கையுடனேயே ஏற்க வேண்டும்.

அப்படியானால் எது சரி? நியூட்டனின் இரண்டாம் விதியை எண்ணிப் பாருங்கள். விசையும் நிறையும் தெரிந்தால் முடுக்கத்தை அது கூறும். என்னென்ன விசைகள் உள்ளன என்று கூறாது. அதற்கு ஈர்ப்பு விதி போன்றவை தேவை. செயல்முறைக் கொள்கை இயக்க விதியை ஒத்தது. உள்ளடக்கக் கொள்கை விசைகளின் பட்டியலை ஒத்தது. பட்டியல் இல்லாத விதி வெறும் கூடு. விதி இல்லாத பட்டியல் எதையும் முன்கூட்டிச் சொல்லாது. எனவே இவை போட்டியாளர்கள் அல்ல. ஆயினும் சோதனைக்கு உட்படும் துணிவு இரண்டாம் வகைக்கே மிகுதி.

இது ஏட்டு விவகாரம் மட்டுமன்று. வயிறு நிறையாத தொழிலாளிக்கு மரியாதை இரண்டாம்பட்சம் என்று பிரமிடைக் காட்டி வாதிடலாம். ஊதியம் ஊக்கம் தராது என்று ஹெர்ஸ்பெர்கைக் காட்டிக் கூலி உயர்வை மறுக்கலாம். அரைகுறையாகச் சோதிக்கப்பட்ட கொள்கை விதியின் வேடம் பூண்டால், விலை கொடுப்பவர் உழைப்பாளியே. ஆகவே மாணவர்களே, அடுத்த முறை அந்தப் பிரமிடைக் காணும்போது, 'இதை எப்படி அளந்தார்கள்?' என்று கேளுங்கள்.