சொல்விளம்பி: குழூஉக்குறியும் குடியின் சொற்களும்

சொல்விளம்பி என்பது கள்ளைக் குறிக்க வேடர்கள் தமக்குள் வழங்கியதாக நன்னூல் உரைகளில் காட்டப்படும் சொல். குழூஉக்குறிக்கான சான்றுகளுள் ஒன்றாக இது இடம்பெறுகிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் இதனுடன் சேர்த்துச் சொல்லப்படும் பிற சான்றுகள். குடிப்பவர்கள் தம் குடியைப் பற்றித் தமக்குள் பேச அமைத்துக்கொண்ட விளையாட்டுச் சொற்களில் இலக்கண நூல்வழி கிடைக்கும் பழைய சான்று என்ற வகையில் இச்சொல் தனிக் கவனத்துக்கு உரியது.

இலக்கணத்தில் இடம்

நன்னூல் பெயரியலின் 267ஆம் நூற்பா வழக்கை இரண்டாகப் பகுக்கிறது. இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ ஆகிய மூன்றும் இயல்பு வழக்கு. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி ஆகிய மூன்றும் தகுதி வழக்கு. ஒரு குழுவினர் ஏதோ ஒரு காரணம் கருதி, ஒரு பொருளுக்கு உரிய சொல்லை விட்டுவிட்டு வேறொரு சொல்லால் அதைக் குறிப்பது குழூஉக்குறி. தொல்காப்பியக் கிளவியாக்கத்தில் வரும் 'தகுதி' என்பதற்கு உரை எழுதிய சேனாவரையரும் இம்மூன்றையும் கூறுகிறார்.

இந்தப் பகுப்பில் ஒரு சிக்கல் உள்ளது. இடக்கரடக்கலும் மங்கலமும் கேட்பவரை மனத்தில் கொண்டவை. இறந்தவரைத் 'துஞ்சினார்' என்றால் எல்லோருக்கும் புரியும், யார் மனமும் புண்படாது. குழூஉக்குறியோ கேட்பவரை விலக்குகிறது. விற்பவனும் வாங்குபவனும் நிற்கும் இடத்தில் வாங்குபவனுக்குப் புரியாமல் பேசுவது எப்படித் 'தகுதி' ஆகும்? இடம் அறிந்து பேசுதல் என்ற பொதுக்கூறு மூன்றுக்கும் உண்டு என்பதே இதற்குச் சொல்லத்தக்க விடை. முதல் இரண்டில் பேசுபவர் அவையைக் காக்கிறார். மூன்றாவதில் தன் குழுவைக் காக்கிறார்.

கொங்குத் தொடர்பு

நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர். சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டியதால் நூலைச் செய்தார் என்று பாயிரம் கூறுகிறது. பாயிரம் குறிக்கும் 'சனகை' என்ற ஊர் ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்தில் உள்ள சீனாபுரம் என்பது கொங்குநாட்டில் நிலைபெற்ற கருத்து. மைசூர்ப் பகுதியைச் சொல்வாரும் உண்டு. கொங்கு மண்டல சதகம் பவணந்தியைக் கொங்கின் பெருமைகளுள் ஒருவராகச் சேர்க்கிறது. கைத்தறிப் போர்வைக்கும் முருகன் கோயிலுக்கும் பெயர்பெற்ற சென்னிமலையும் இதே பெருந்துறை வட்டத்தைச் சேர்ந்தது.

கள்ளை விலக்குவது சமண அறத்தின் அடிப்படைகளுள் ஒன்று. அந்த அறத்தைச் சார்ந்த முனிவரின் நூலுக்கு எழுந்த உரைமரபில் வேடர்கள் கள்ளுக்கு இட்ட செல்லப்பெயர் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. இலக்கணம் விலக்கப்பட்ட பொருளின் பெயரையும் வழக்கு என்று ஏற்றுப் பதிவு செய்தது என்பதை இது காட்டுகிறது.

குழூஉக்குறி இப்பகுதியில் ஏட்டளவில் நின்ற செய்தி அல்ல. ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தை போன்ற இடங்களில் தரகர்கள் துண்டால் கையை மூடி, விரல் பிடித்து விலை பேசும் முறை நன்கு அறியப்பட்டது. எந்த விரலை எத்தனை முறை அழுத்தினால் என்ன விலை என்பது துண்டுக்குள் இருக்கும் இரு கைகளுக்கு மட்டுமே தெரியும். சுற்றி நிற்பவர்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள், ஆனால் எதுவும் விளங்காது. குழூஉக்குறியின் முழு வடிவம் இது.

சொல்லின் அமைப்பு

இந்த அளவுகோலில் வைத்தால் சொல்விளம்பி விசித்திரமான குறி. 'பறி' என்ற சொல்லைக் கேட்டுப் பொன்னை ஊகிக்க முடியாது. 'காரை' ஆடையைக் காட்டாது. இரண்டும் மூடிய சொற்கள். சொல்விளம்பி அப்படி இல்லை. சொல்லை விளம்புவது, அதாவது வெளிப்படச் சொல்வது என்பது அதன் பொருள். மண்வெட்டி, நாடோடி என்பவற்றைப் போல வினையைச் செய்பவரை அல்லது செய்வதைக் காட்டும் 'இ' விகுதி பெற்ற காரணப்பெயர் அது. கள்ளின் இயல்பை அறிந்த எவரும் சற்று யோசித்தால் கண்டுபிடித்துவிடலாம். மறைப்பதற்கு என்று வைத்த பெயர், மறைக்க முடியாத தன்மையையே பெயராகக் கொண்டிருக்கிறது. மற்ற குழூஉக்குறிகளில் இல்லாத நகைச்சுவை இதில் உள்ளது.

இந்த நகைச்சுவையின் மறுபக்கத்தைத் திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் காணலாம். ஒளிந்து கள் குடித்து மயங்குபவரை உள்ளூர்க்காரர்கள் துப்பறிந்து எந்நாளும் நகைப்பார்கள் என்கிறது 927ஆம் குறள். குடித்தறியேன் என்று சொல்வதை விட்டுவிட வேண்டும், நெஞ்சில் ஒளித்ததும் குடித்த உடனே வெளிப்பட்டுவிடும் என்கிறது 928. வேடர் ஒரே சொல்லில் சொன்னதை வள்ளுவர் எச்சரிக்கையாக்குகிறார். உண்மை ஒன்றுதான். குழுவுக்குள் இருப்பவருக்கு அது சிரிப்பு, ஊருக்குள் இருப்பவருக்கு அது மானக்கேடு.

சொல்லின் அமைப்பில் கவனிக்க வேண்டிய இன்னொன்று அதன் எழுவாய். பேசுபவன் குடித்தவன். ஆனால் பெயர் அச்செயலைக் கள்ளின் மேல் ஏற்றுகிறது. விளம்புவது கள், குடித்தவன் அல்ல. 'மப்புல சொல்லிட்டேன்', 'அவன் பேசல, சரக்கு பேசுது' என்ற இன்றைய பேச்சுகளிலும் இதே இடமாற்றம் நிகழ்கிறது. சொல்லுக்கான பொறுப்பைப் பானத்துக்குக் கைமாற்றும் இந்த ஏற்பாட்டைக் குறள் ஒப்பவில்லை. அங்கே வெளிப்படுவது கள்ளின் பேச்சு அல்ல, குடித்தவன் நெஞ்சில் முன்பே இருந்தது.

பழைய பெயர்கள்

சங்க இலக்கியத்தில் கள்ளுக்கும் மதுவுக்கும் பல பெயர்கள் உள்ளன. தெளிந்தது தேறல். பிழிந்தது பிழி. நறுமணம் உடையது நறவு. நெல்லிலிருந்து வீட்டில் ஆக்கியது தோப்பி. இவை பெரும்பாலும் பானம் எப்படி ஆக்கப்பட்டது, எப்படி இருந்தது என்பதைச் சொல்பவை. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் குறிப்பிடுகிறது.

கொங்கு வழக்கில் பதநீரைத் 'தெளுவு' என்பர். தெளிவு என்பதன் வழக்கு வடிவமாக இதைக் கொள்ளலாம். பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினால் சாறு புளிக்காது, தெளுவாகவே இருக்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதே மரத்தின் அதே சாறு கள்ளாகும். தேறல், தெளுவு இரண்டும் தெளிதல் என்ற கருத்திலிருந்தே பிறந்தவை. ஆனால் ஒன்று போதை தருவதற்கும் மற்றது போதையற்றதற்கும் பெயராகியிருக்கின்றன.

குடிக்கும் பழக்கத்தைச் சொல்லும் பாடலும் உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூற்றின் 235ஆம் பாடல், கள் சிறிதளவே கிடைத்தால் அதைத் தங்களுக்கே தந்துவிடுவான், பெருமளவு கிடைத்தால் தாங்கள் பாட, அவன் தானும் மகிழ்ந்து உண்பான் என்று அவன் குணத்தைச் சொல்கிறது. ஒருவனின் குடிமுறையைக் கொண்டு அவன் யார் என்று காட்டும் முறை அது. சிறிது, பெரிது என்ற அளவுகள் அங்கே பகிர்வின் அளவுகளாக இருக்கின்றன.

விஸ்கிக் குறியும் மதுக்கடைக் குறியும்

1993இல் அமெரிக்கரான ராபர்ட் ஹேடன், கணினி ஆர்வலர்கள் தம்மைச் சில எழுத்துகளில் விவரித்துக்கொள்ளும் 'கீக் கோடு' என்ற விளையாட்டுக் குறியீட்டை அமைத்தார். ஒவ்வொரு விருப்பத்துக்கும் ஓர் எழுத்து. விருப்பம் மிகுந்தால் கூட்டல் குறிகள், வெறுப்பு மிகுந்தால் கழித்தல் குறிகள். இதே பாணியில் மால்ட் விஸ்கி ரசிகர்களும் தம் சுவையையும் பழக்கத்தையும் சுருக்கி எழுதும் குறியீட்டைக் கொண்டிருந்தனர். கரிப்புகை மணம் பிடிக்குமா, எந்த மரப்பீப்பாயில் முதிர்ந்தது வேண்டும், தண்ணீர் கலப்பதுண்டா என்ற வகைக் கேள்விகளுக்கான சுருக்கெழுத்து அது.

தமிழ்நாட்டின் மதுக்கடைச் சொற்களை இதனுடன் ஒப்பிட்டால் வேறுபாடு உடனே தெரியும். குவார்ட்டர் 180 மில்லி. ஆஃப் 375. ஃபுல் 750. ஒரு குவார்ட்டரை இருவர் பகிர்ந்துகொண்டால் கட்டிங். கலக்காமல் குடித்தால் ராவா. ஏறியது மப்பு. இவற்றில் அளவு இருக்கிறது, பகிர்வு இருக்கிறது, விளைவு இருக்கிறது. சுவையைக் குறிக்க ஒரு சொல்கூட இல்லை. நறவு, தேறல் என்று மணத்தாலும் தெளிவாலும் பெயரிட்ட மொழியில் இன்று பொதுப்பெயராக இருப்பது 'சரக்கு'.

இதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்த்தப்பட்டு, மீண்டும் வந்து, மீண்டும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1987இல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. 2003 முதல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே ஏற்றது. மரமும் பருவமும் பானையும் சுவையைத் தீர்மானித்த பானம் சட்டத்துக்கு வெளியே போக, பெரும்பாலும் கரும்புச் சர்க்கரைப் பாகுக் கழிவின் சாராயத்தை அடிப்படையாகக் கொண்ட புட்டிச் சரக்கு அதன் இடத்துக்கு வந்தது. புட்டியில் வேறுபடுவது விலையும் அளவும். குறிச்சொற்களும் அவற்றையே பற்றிக்கொண்டன. கள்ளுக்குத் தடை நீக்கக் கோரும் இயக்கம் கொங்குப் பகுதியில் வலுவாக இருப்பதற்கு உழவர்களின் வருவாய் முதன்மைக் காரணம். 1921இல் கள்ளுக்கடை மறியலில் ஈடுபட்ட பெரியார் தம் தோப்பின் தென்னைகளை வெட்டினார்.

'வ' என்னும் எழுத்து

இன்றைய குறிகளில் பழைய குழூஉக்குறியின் நுட்பத்தை எட்டிய ஒன்று உண்டு. புஷ்கர், காயத்ரி இருவரும் இயக்கி 2010இல் வெளிவந்த திரைப்படத்தின் பெயர் 'வ'. துணைப்பெயர் 'குவார்ட்டர் கட்டிங்'. கோவையிலிருந்து சென்னை வந்து, சவூதி அரேபியாவுக்குப் புறப்படும் முன் ஒரு குவார்ட்டருக்காக இரவெல்லாம் அலைபவனின் கதை. தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு இருந்த காலம் அது. பழந்தமிழ்ப் பின்ன எழுத்தில் 'வ' என்பது கால். குவார்ட்டர் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தூய தமிழ் எண் ஒன்று முகமூடியாகியது.

இந்த உத்தி புதியதல்ல. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, எட்டேகால் என்ற எண்ணைச் சொல்லி, அதைத் தமிழ் எண்ணெழுத்தில் 'அவ' என்று படிக்கவைத்து எதிரியை வசைபாடுகிறது. எட்டுக்கு 'அ', காலுக்கு 'வ'. இரண்டிலும் தெரிந்தவர் சிரிப்பார், தெரியாதவர் தாண்டிப் போவார்.

மதிப்பீடு

சொல்விளம்பி, தேறல், குவார்ட்டர் ஆகிய மூன்று சொற்களும் மூன்று வகைக் குடியைக் காட்டுகின்றன. தேறல் பானத்தைப் பார்க்கிறது. சொல்விளம்பி குடிப்பவனைப் பார்க்கிறது. குவார்ட்டர் புட்டியைப் பார்க்கிறது. விஸ்கிக் குறியீடு முதல் இரண்டையும் இணைக்க முயல்கிறது. ஆனால் அதில் எல்லாம் ஒருவரின் விருப்பமாக மட்டுமே நிற்கிறது. யாருடன் குடித்தார், யாருக்குக் கொடுத்தார் என்ற கேள்விக்கு அங்கே எழுத்து கிடையாது.

அந்தக் கேள்வி தமிழ் மரபில் தொடர்ந்து இருக்கிறது. அதியமான் சிறிதளவு கள்ளைப் பாணர்க்குக் கொடுத்ததும், முன்பின் தெரியாத இருவர் கடைவாசலில் ஒரு குவார்ட்டரைக் கட்டிங் போடுவதும் ஒரே செயல் அல்ல. முன்னது கொடை, பின்னது காசு போதாமை. எனினும் இரண்டிலும் குடியின் அளவுகோலில் இன்னொரு மனிதர் இருக்கிறார்.

விளையாட்டுச் சொற்களின் குறையும் அவற்றின் இயல்பிலேயே உள்ளது. குழூஉக்குறி குழுவுக்குள் இருப்பவர்களின் மொழி. குடிப்பவரின் வீட்டார் அந்தக் குழுவில் இல்லை. கட்டிங், மப்பு, 'குடிமகன்' என்ற சிலேடை ஆகியவை குடித்தவர்களின் சிரிப்பிலிருந்து பிறந்தவை. வீட்டில் காத்திருப்பவர் அச்சிரிப்பில் பங்கு பெறுவதில்லை. வேடரின் சொல் இந்த வகையில் சற்று நேர்மையானது. குடித்தபின் வாயில் வருவது என்னவென்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.