கதவைத் தட்டும் பைட்

பைத்தானின் ஏசிங்க்ஐஓ நூலகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரே ஒரு பைட்.

2014-இல் 3.4 பதிப்போடு வந்த இந்த நூலகத்தின் உயிர், ஈவென்ட் லூப். ஒரே த்ரெட்டில் இருந்துகொண்டு வரிசையில் நிற்கும் வேலைகளை ஒவ்வொன்றாக முடிக்கும். வேலை தீர்ந்தால், ஏதாவது சாக்கெட்டில் தரவு வந்ததும் எழுப்பச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடும்.

அந்த நேரம் பார்த்து வேறொரு த்ரெட், கால்_சூன் வழியாக வேலை ஒன்றைப் போட்டால்? வேலை வரிசையில் கிடக்கும், லூப்புக்குத் தெரியாது. இப்படியொரு பிழையை நான் இரண்டு நாள் தேடியிருக்கிறேன். இதற்குத் தீர்வு கால்_சூன்_த்ரெட்சேஃப். அது வேலையைப் போட்ட கையோடு, லூப் தனக்கென்றே திறந்து வைத்திருக்கும் சாக்கெட் ஜோடியில் ஒரு பூஜ்ய பைட்டை எழுதும். அந்த பைட்டில் செய்தி எதுவும் இல்லை. கதவைத் தட்டுவது மட்டுமே அதன் வேலை. லூப் விழிக்கும், பைட்டைப் படித்துத் தூரப் போடும், வரிசையைப் பார்க்கும். என்ன அழகான ஏற்பாடு!

லூப்பிடம் ஒரு கண்டிப்பும் உண்டு. லூப்பை ஓடவிடும் ரன்_அன்டில்_கம்ப்ளீட்டை, ஓடும் லூப்புக்குள்ளிருந்தே மறுபடி அழைத்தால் ரன்டைம்எரர்தான். பலருக்கு இது எரிச்சல். எனக்கு இந்தக் கண்டிப்பு பிடிக்கும். உள்ளே இன்னொரு சுற்றை ஓடவிட்டால், பாதியில் நிற்கும் ஃபங்ஷனுக்குத் தெரியாமல் வேறு வேலைகள் புகுந்து மாறிகளை மாற்றிவிடும். அவெய்ட் எழுதிய இடத்தில் மட்டுமே கை மாறும் என்ற உறுதி போய்விடும்.

லூப்பை நிறுத்தி வைக்கும் அளவுக்கு இழுத்தடிக்கும் கோப்பு வாசிப்பை, வேலையை வேறொரு த்ரெட்டில் ஓட்டும், 3.9-இல் வந்த டூ_த்ரெட்டிடம் ஒப்படைக்கலாம். அது முடிந்ததும் லூப்பை எழுப்புவது அதே பைட்தான்.